நிபந்தனையைப் படிக்கும்படி எழுதுவோம்

கூட்டுறவுச் சங்கத்தில் பணம் வழங்கும் ஒவ்வொரு காரியமும் "என்றால்" என்னும் ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது. தவணை தவறாதவர் என்றால் வட்டிச் சலுகை உண்டு; காப்பிக்கொட்டையின் ஈரம் வரம்புக்குள் இருக்குமானால் முழு விலை உண்டு; சேலையின் நீளமும் ஊடையும் குறையாதிருந்தால் முழுக் கூலி உண்டு. முன்னாளில் காரியதரிசி இந்த நிபந்தனைகளைத் தம் மனத்தில் வைத்திருந்தார்; ஐயம் வந்தபோது துணை விதிகளின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பேரேட்டில் பதிந்தார். இன்று அவை பெரும்பாலும் கணிப்பொறியின் விரிதாளுக்குள், மேக்ரோ என்னும் கட்டளைத் தொடருக்குள் குடியேறிவிட்டன.

விரிதாளைப் பழகியறியாத அங்கத்தினர்களுக்காக ஒரு வார்த்தை. பேரேட்டின் பக்கத்தைப் போலவே அதுவும் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்த ஒரு தாள்தான். கட்டத்தில் எண்ணை இட்டால் கூட்டலையும் பெருக்கலையும் அதுவே செய்துகொள்ளும். ஒரே வேலையை ஐந்நூறு அங்கத்தினர்களின் கணக்கிலும் வரிசையாகச் செய்ய வேண்டுமானால், செய்ய வேண்டியதை ஒருமுறை கட்டளைகளாக எழுதி வைத்துவிடலாம். அவ்வாறு எழுதி வைத்ததே மேக்ரோ. எக்செல் விரிதாளில் 1993 முதல் விஷுவல் பேஸிக் என்ற மொழியில் இதை எழுதி வருகிறார்கள். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் விரிதாளிலும் ஏறக்குறைய இதனையொத்த பேஸிக் மொழி உண்டு.

நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்குவதற்கு 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஏற்றது. பெரிய மென்பொருள் வந்த பிறகும், கொள்முதல் விலை, கூலிப் பட்டி, முன்பணம், போனஸ் முதலிய கிளைக் கணக்குகளுக்கு விரிதாளையே நாடும் அலுவலகங்கள் பல. அந்த விரிதாளை ஓர் எழுத்தர் தயாரிக்கிறார். சில காலத்தில் மாற்றலாகிப் போகிறார். பின்னால் வருபவர் மேக்ரோவைத் திறந்து, அரைப் பக்கம் நீளும் ஒரே நிபந்தனையைக் கண்டு திகைத்து, தொடாமலே மூடிவிடுகிறார். அங்கத்தினரின் பணத்தைத் தீர்மானிக்கும் விதி இவ்வாறு யாரும் படிக்காத விதியாகிவிடுகிறது. நீண்ட நிபந்தனையைப் பிறர் படிக்கும்படி எழுதுவது எப்படி என்பதை இங்கே ஆராய்வோம். எழுத்தர்களுக்கு இது தொழிற் பாடம். ஏனைய அங்கத்தினர்களுக்கோ தங்கள் உரிமையைப் பற்றிய விஷயம்.

மலைப்பாதையில் ஒரு விதி

பழனி மலைவாசிகள் நன்கறிந்த ஒரு விதியிலிருந்து தொடங்குவோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை ஏற்பட்டது. 2025-ஆம் ஆண்டில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. உள்ளூர் வண்டிகளுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. மன்னவனூரிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை கொண்டுபோகிறவர்களுக்கு இந்த விலக்கு எத்துணை அவசியம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விதியை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்ப்போம்: "வண்டி உள்ளூருடையதாகவோ அரசுப் பேருந்தாகவோ விளைபொருள் ஏற்றியதாகவோ இல்லாமல், தேதி ஏப்ரல் 1-க்கும் ஜூன் 30-க்கும் இடைப்பட்டதாக இருந்து, வார நாளானால் அன்று தந்த அனுமதிகள் 4,000 ஆகவும், வார இறுதியானால் 6,000 ஆகவும் நிறைந்திருக்குமானால், அனுமதி மறுக்க." இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் ஒருமுறை வாசித்து நினைவில் நிறுத்துவது கடினம்.

இப்போது அதனையே கேள்விகளாகப் பிரிப்போம்.

முதற் கேள்வி: இவ்வண்டிக்கு விலக்கு உண்டா? உண்டெனில் போகட்டும், மேலே கேட்க வேண்டாம்.
இரண்டாம் கேள்வி: இன்று வரம்புக் காலமா? இல்லையெனில் அனுமதி தருக. மேலே கேட்க வேண்டாம்.
மூன்றாம் கேள்வி: இன்றைய வரம்பு எவ்வளவு? வார நாள் 4,000. வார இறுதி 6,000.
நான்காம் கேள்வி: வரம்பு நிறைந்துவிட்டதா? நிறைந்ததெனில் மறுக்க, இல்லையெனில் தருக.

விதி மாறவில்லை, எழுதிய முறை மாறிற்று. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரும் இதனைப் படித்து நடத்தலாம். லாரி ஓட்டுநரும் தமக்கு முதற் கேள்வியோடு காரியம் முடிந்தது என்பதை அறிந்துகொள்ளலாம். மேக்ரோவில் நீண்ட நிபந்தனையைப் பிரிக்கும் கலை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. விலக்குகளையும் தடைகளையும் முதலில் கேட்டு விடை சொல்லி வெளியேறுதல். எஞ்சியவற்றுக்கு மட்டும் அடுத்த கேள்விக்குப் போதல்.

"உம்" என்பதும் "அல்லது" என்பதும்

மேக்ரோவின் சொற்கள் ஆங்கிலச் சொற்கள். "இஃப்" என்பது "என்றால்". "தென்" என்பது "அப்போது". "ஆண்ட்" என்பது "இதுவும் அதுவும்". "ஆர்" என்பது "இதுவோ அதுவோ". "நாட்" என்பது மறுப்பு. இந்த ஐந்து சொற்களை அறிந்தவர் எந்த நிபந்தனையையும் வாசிக்கலாம். ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்.

நெசவாளர்களும் விவசாயிகளும் கலந்த ஒரு சங்கம், "நெசவாளர் அல்லது விவசாயி, நிலுவை இல்லாதவர், போனஸ் பெறலாம்" என்று தீர்மானம் நிறைவேற்றியதாக வைத்துக்கொள்வோம். நிலுவை இல்லாமை இரு சாராருக்கும் பொது என்பதே சபையின் கருத்து. எழுத்தர் அதனை அப்படியே மேக்ரோவில் இடுகிறார்:

இஃப் நெசவாளர் ஆர் விவசாயி ஆண்ட் நிலுவை = 0 தென் போனஸ்

கணிதத்தில் கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வது போல, விஷுவல் பேஸிக்கில் "நாட்" முதலிலும், "ஆண்ட்" அடுத்தும், "ஆர்" கடைசியிலும் பொருள் கொள்ளப்படும். ஆகவே கணிப்பொறி மேற்படி வரியை, "நெசவாளர் என்றால் போனஸ், அல்லது நிலுவை இல்லாத விவசாயி என்றால் போனஸ்" என்றே படிக்கும். நிலுவை வைத்திருக்கும் நெசவாளருக்குப் போனஸ் போகும். நிலுவை வைத்திருக்கும் விவசாயிக்குப் போகாது. ஒரே சங்கத்தில் இரு நீதி! இதனை வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அடைப்புக்குறி ஒன்று இல்லாமற் போனதே காரணம்.

இப்பிழை எளிதில் அகப்படாது என்பதையும் அறிதல் வேண்டும். நெசவாளரா, விவசாயியா, நிலுவை உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம், இல்லை என இரண்டிரண்டு விடை. மொத்தம் எட்டு வகை. அவற்றுள் ஆறு வகைகளில் தவறான வரியும் சரியான விடையையே தரும். தறியுடையவருக்கு நிலுவை இருக்கும் இரண்டு வகைகளில் மட்டுமே தவறு வெளிப்படும். நாலைந்து பெயர்களைப் போட்டுப் பார்த்து, "சரியாக வருகிறது" என்று விட்டுவிட்டால், குற்றம் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக் கூடும்.

பரிகாரம் எளியது. "ஆண்ட்", "ஆர்" இரண்டும் ஒரே வரியில் வரும்போது அடைப்புக்குறி கட்டாயம் என்று கொள்க. அதனினும் மேலான வழி, கேள்விக்குப் பெயர் சூட்டுதல்:

தொழில்_தகுதி = நெசவாளர் ஆர் விவசாயி
நிலுவை_இல்லை = (நிலுவை = 0)
இஃப் தொழில்_தகுதி ஆண்ட் நிலுவை_இல்லை தென் போனஸ்

மூன்றாவது வரி ஏறக்குறைய தீர்மானப் புத்தகத்தின் வாசகமாகவே ஆகிவிட்டது. கணிப்பொறியை அறியாத நிர்வாகக் குழு அங்கத்தினரும் அதனைப் படித்து, "ஆம், நாம் நிறைவேற்றியது இதுவே" என்று சொல்லலாம்.

மதுரையிற் பிறந்த தர்க்கம்

நிபந்தனைகளில் மிகுதியாக வழுக்கும் இடம் மறுப்பு. அதற்கு வழிகாட்டியவர் ஒருவர் நம் பகுதியிலேயே பிறந்தவர் என்பது பலர் அறியாதது. அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று மதுரையில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதமாகும்போது குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. வளர்ந்தபின் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். 1865-இல் லண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரானார். மதுரையிலிருந்து சென்ற அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் கொடைக்கானலில் குடியிருப்புக் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1847-இல், டி மார்கன் தம் தர்க்க நூலை வெளியிட்டார். அவர் பிறந்த மதுரை மாவட்டத்தில்தான் 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும் வரை பழனி மலையும் அடங்கியிருந்தது.

அவர் பெயரால் வழங்கும் விதியைச் சங்கத்து வழக்கில் சொல்வோம். "நிலுவையோ தர அபராதமோ உள்ளவருக்கு முன்பணம் இல்லை" என்பது தீர்மானம். அப்படியானால் முன்பணம் பெறத்தக்கவர் யார்? நிலுவையும் இல்லாதவர், அபராதமும் இல்லாதவர். மறுப்பு உள்ளே நுழையும்போது "அல்லது" என்பது "உம்" ஆகிவிடுகிறது. அவ்வாறே "உம்" என்பது "அல்லது" ஆகிவிடும்.

அவசரத்தில் எழுதுபவர், "நாட் நிலுவை ஆர் நாட் அபராதம்" என்று எழுதிவிடுவார். நான்கு அங்கத்தினர்களை வைத்து இதனைச் சோதிக்கலாம். ஒருவருக்கு இரண்டும் இல்லை. ஒருவருக்கு நிலுவை மட்டும். ஒருவருக்கு அபராதம் மட்டும். ஒருவருக்கு இரண்டும் உண்டு. தீர்மானப்படி முதலாமவருக்கு மட்டுமே முன்பணம். அவசர வரியோ முதல் மூவருக்கும் கொடுத்து, நான்காமவரை மட்டும் நிறுத்தும். ஆகையால் மறுப்பை இயன்றவரை தவிர்த்து, உடன்பாடாகக் கேட்பதே நன்று. "நிலுவை உண்டா? உண்டெனில் இல்லை. அபராதம் உண்டா? உண்டெனில் இல்லை." இவ்விரண்டு வரிகளில் "ஆண்ட்" என்பதற்கும் "ஆர்" என்பதற்கும் வேலையே இல்லை.

"இல்லை" என்றால் ஏன் இல்லை?

இனி இவ்விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். 2021 செப்டம்பரில் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நவம்பரில் அரசாணை பிறந்தது. 2021 மார்ச் 31 அன்று கடன் நிலுவையில் இருந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தார் வைத்த நகை மொத்தம் 40 கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். அவ்வாண்டுப் பயிர்க்கடன் தள்ளுபடியைப் பெற்றவராகவோ, அரசு ஊழியராகவோ, கூட்டுறவு நிறுவன ஊழியராகவோ இருத்தல் கூடாது. இன்னும் பல நிபந்தனைகள். பரிசீலனைக்கு வந்த 48 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுள் 35 லட்சத்துக்கு மேற்பட்டவை தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன.

நிபந்தனைகள் நியாயமா என்பது வேறு விவாதம். நாம் இங்கே எண்ண வேண்டியது, அந்த 35 லட்சம் கடன்களுக்கு உரியவர்கள் சங்கத்தின் வாசற்படியில் நின்று கேட்கக் கூடிய ஒரே கேள்வியை: "எனக்கு ஏன் இல்லை?" எட்டு நிபந்தனைகளை "ஆண்ட்" போட்டுக் கோத்து ஒரே வரியாக எழுதிய மேக்ரோ, ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லையே விடையாகத் தரும். எட்டில் எது தவறியது என்பதை அது சொல்லாது; எழுத்தராலும் சொல்ல இயலாது. "கணிப்பொறி இல்லை என்கிறது" என்ற பதிலோடு வயதான ஓர் அம்மையார் மலைக்கிராமத்துக்குத் திரும்பிப் போகிற நிலை கூட்டுறவுக்குப் பெருமை தராது.

அதே எட்டையும் தனித்தனியே கேட்டால், ஒவ்வொன்றிலும் காரணத்தைப் பதிந்துகொண்டே போகலாம்:

இஃப் நிலுவை_நாளில்_கடன்_இல்லை தென்
  காரணம் = "31-3-2021 அன்று கடன் நிலுவையில் இல்லை"
எல்ஸ்இஃப் குடும்ப_நகை_எடை > 40 தென்
  காரணம் = "குடும்பத்தின் மொத்த நகை 40 கிராமுக்கு மேல்"
எல்ஸ்இஃப் பயிர்க்கடன்_தள்ளுபடி_பெற்றவர் தென்
  காரணம் = "பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர்"
எல்ஸ்
  காரணம் = "தகுதி உண்டு"
எண்ட் இஃப்

இங்கே மூன்றை மட்டும் காட்டினோம்; எஞ்சியவற்றையும் இவ்வாறே அடுக்கலாம். "எல்ஸ்இஃப்" என்பது "அதுவன்றி இதுவானால்" என்னும் பொருளது. விரிதாளில் காரணத்துக்கென ஒரு பத்தியை ஒதுக்கிவிட்டால், பட்டியலிலேயே ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் காரணம் நிற்கும். அம்மையாரின் எடை தவறாகப் பதிவாகியிருந்தால் அவர் அதனைச் சொல்லித் திருத்திக்கொள்வார். காரணம் தெரியாதவர் எதைத் திருத்தக் கேட்பார்?

மேற்படி உதாரணத்தில் எல்லைக் கோட்டையும் கவனிக்கவேண்டும். "40 கிராமுக்கு உட்பட்டு" என்ற பேச்சு வழக்கில், சரியாக 40 கிராம் வைத்தவர் உள்ளேயா, வெளியேயா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. கணிப்பொறிக்கு ஐயம் கிடையாது. 40-க்கு மேல் என்றால் விலக்கு என்று எழுதினால் சரியாக 40 உடையவர் உள்ளே. 40-உம் அதற்கு மேலும் என்று எழுதினால் அவர் வெளியே. இதனைத் தீர்மானிக்க வேண்டியவர் எழுத்தர் அல்லர், விதி செய்தவர்களே. எனவே தீர்மானம் எழுதும்போதே "40 கிராம் வரை, 40 உட்பட" என்று தெளிவாக எழுதிவிடுதல் நலம்.

எண்கள் தாளில் இருக்கட்டும்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பகுதிகளின் காப்பி விவசாயிகள் ஈரத்தின் கணக்கை நன்கறிவார்கள். வடகிழக்குப் பருவமழை ஓயாத நாட்களில் களத்தில் காப்பியை உலர்த்துவது எத்தகைய சிரமம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும், எடையும் பொய்யாகும். காப்பி வாரியம் வகுத்துள்ள ஈர வரம்பு சதவீதத்தில் வருமாறு:

அராபிகா பார்ச்மென்ட் — 10.0
ரொபஸ்டா பார்ச்மென்ட் — 10.0
அராபிகா செர்ரி — 10.5
ரொபஸ்டா செர்ரி — 11.0

இதனை மேக்ரோவில் எழுதுவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஒன்றினுள் ஒன்றாக நான்கு "இஃப்" எழுதுதல். படிக்கட்டுப் போல வரிகள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். எந்த "எண்ட் இஃப்" எதற்கு உரியது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். எக்செல் சூத்திரத்தில் இவ்வாறு அடுக்குவதற்கு முன்னர் 7 அடுக்கு வரையே அனுமதி இருந்தது. 2007 பதிப்பு முதல் 64 அடுக்கு ஆயிற்று. அனுமதி உண்டு என்பதற்காக அத்தனை படியும் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, "செலக்ட் கேஸ்" என்னும் கட்டளை. "வகை யாது என்று பார், இன்ன வகைக்கு இன்ன வரம்பு" என்று வரிசையாக எழுதலாம். ஒரே பொருளைப் பல மதிப்புகளோடு ஒப்பிடும் இடங்களில் இது மிகத் தெளிவானது.

மூன்றாவது வழியே சங்கத்துக்கு உகந்தது. மேலே காட்டிய நான்கு வரிகளையும் விரிதாளிலேயே "விதிகள்" என்ற தனித் தாளில் அட்டவணையாக இட்டு, மேக்ரோ அங்கிருந்து வரம்பை எடுத்துக்கொள்ளும்படி செய்தல். பின்னர் மேக்ரோவில் எஞ்சும் நிபந்தனை ஒன்றே: "ஈரம் வரம்பைத் தாண்டியதா?" நாளை சபை ஒரு கழிவு விகிதத்தை மாற்றினால், மேக்ரோவைத் தொடாமல் அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். அட்டவணையை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மூட்டையை இறக்கும் விவசாயி தமக்குரிய வரம்பைத் தாமே படித்துக்கொள்வார்.

நிபந்தனைகளை அட்டவணையாக்கும் இம்முறை புதியதன்று. 1950-களின் இறுதியிலேயே அமெரிக்க நிறுவனங்கள் "தீர்மான அட்டவணை" என்ற பெயரில் இதனைக் கையாளத் தொடங்கின. மேலே கேள்விகள், கீழே விடைகளின் எல்லாச் சேர்க்கைகளும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய காரியம். மூன்று கேள்விக்கு எட்டு வகை, நான்குக்குப் பதினாறு. காகிதத்தில் எழுதினாலே விடுபட்ட வகை எது, முரண்பட்ட வகை எது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். போனஸ் தீர்மானத்தின் எட்டு வகைகளையும் நாம் எண்ணியது இம்முறையில்தான்.

எழுத்தர்கள் கைக்கொள்ள வேண்டியவை

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி போன்ற நெசவூர்களில் சேலையை வாங்கிப் பரிசோதித்துக் கூலி போடும் கணக்கை மனத்திற்கொண்டு, நடைமுறைக்கான சில குறிப்புகளைக் கூறுவோம்.

முதலாவது, பெயர். "இஃப் எஃப்7 >= 5.5 ஆண்ட் ஜி7 >= 68 ஆண்ட் எச்7 = 0" என்ற வரி எதைக் கேட்கிறது என்பதை எழுதியவரே ஆறு மாதத்தில் மறந்துவிடுவார். "நீளம்_சரி", "ஊடை_சரி", "கறை_இல்லை" என்று மூன்று பெயர் வைத்துக்கொண்டு, "இஃப் நீளம்_சரி ஆண்ட் ஊடை_சரி ஆண்ட் கறை_இல்லை தென் முழுக்கூலி" என்று எழுதினால் தறிக்காரரும் படிப்பார். எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. பெயரைத் தமிழ் எழுத்தில் ஏற்காத கணிப்பொறியானால் அதே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் இடலாம்.

இரண்டாவது, வரியை மடித்தல். பிரிக்க முடியாத நீண்ட நிபந்தனையானால், விஷுவல் பேஸிக்கில் வரியின் கடைசியில் ஓர் இடைவெளியும் அடிக்கோடும் இட்டு அடுத்த வரிக்குப் போகலாம். இவ்வாறு 24 முறை வரை மடிக்கலாம். ஒவ்வொரு புது வரியையும் "ஆண்ட்" அல்லது "ஆர்" என்ற சொல்லோடு தொடங்கினால் இடது ஓரத்தைப் பார்த்தே நிபந்தனையின் அமைப்பை அறியலாம். ஆனால் நான்கைந்து மடிப்புக்கு மேல் தேவைப்பட்டால், கேள்வியைப் பிரிக்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்க.

மூன்றாவது, ஒரு கண்ணி. எக்செல் மேக்ரோவில் "ஆண்ட்" போட்டால், முதற் பாதி பொய்யானாலும் இரண்டாம் பாதியையும் கணிப்பொறி பார்த்தே தீரும். "சேலை எண்ணிக்கை 0-க்கு மேல் ஆண்ட் கூலி வகுத்தல் சேலை எண்ணிக்கை 400-க்கு மேல்" என்று எழுதினால், அம்மாதம் சேலை ஒன்றும் தராதவரின் வரியில் பூஜ்யத்தால் வகுக்க முயன்று மேக்ரோ நின்றுவிடும். இத்தகைய இடத்தில் ஒரு "இஃப்" உள்ளே இன்னொரு "இஃப்" வைப்பதே சரியான முறை.

நான்காவது, மூடுதல். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசி மென்பொருளில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. நிபந்தனைக்குக் கீழ் இருக்க வேண்டிய ஒரு வரி தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதல் வரி மட்டும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எப்போதும் நடந்தது. அதனால் இணையத் தொடர்பின் மெய்த்தன்மையைச் சோதிக்கும் படி முழுவதும் தாண்டிப் போயிற்று. எங்கு நிபந்தனை முடிகிறது என்பதைக் குறிகளால் கட்டியிருந்தால் அவ்விரண்டாம் வரி தீங்கு செய்திராது. ஆதலின் ஒரே கட்டளையாயினும் தனி வரியில் எழுதி, "எண்ட் இஃப்" இட்டு மூடும் பழக்கத்தைக் கைக்கொள்க.

ஐந்தாவது, சோதனை. எல்லையில் இருப்பவரையும், எல்லைக்குச் சற்று மேலும் கீழும் இருப்பவர்களையும் கற்பனைப் பெயர்களில் ஒரு தாளில் இட்டு, சபை எதிர்பார்க்கும் விடையையும் அருகில் எழுதி வைக்கவும். ஈரம் 9.9, 10.0, 10.1 என்ற மூன்று மூட்டைகள் போதும், ஒப்பீட்டுக் குறி சரியா என்பதைக் காட்டுவதற்கு. மேக்ரோவை எப்போது தொட்டாலும் அத்தாளை ஓட்டிப் பார்த்த பிறகே உண்மைக் கணக்கில் ஓட்டவும்.

ஆறாவது, தீர்மான எண். ஒவ்வொரு நிபந்தனைக்கும் மேலே, அது எந்தத் தேதிச் சபையின் எத்தனையாவது தீர்மானம் என்பதைக் குறிப்பாக எழுதுக. தீர்மானம் இல்லாத நிபந்தனை மேக்ரோவில் இருத்தல் கூடாது. இருந்தால் அது எழுத்தர் தாமாகச் செய்த சட்டமாகும்.

அங்கத்தினர்கள் கேட்க வேண்டியவை

துணை விதிகளின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமையைக் கூட்டுறவாளர்கள் பெரிதாகப் போற்றி வந்திருக்கிறார்கள். விதி புத்தகத்திலிருந்து மேக்ரோவுக்குக் குடிபெயர்ந்தால், அந்த உரிமையும் கூடவே குடிபெயர வேண்டுமல்லவா? அடுத்த பொதுச் சபையில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நம் பணத்தைத் தீர்மானிக்கும் நிபந்தனைகள் எந்தத் தாளில் எழுதப்பட்டுள்ளன? மறுக்கப்பட்டவருக்குக் காரணம் பட்டியலில் காட்டப்படுகிறதா? இப்போதைய எழுத்தர் விடுப்பில் போனால் வேறொருவர் அதனைப் படித்துச் சொல்ல இயலுமா?

இக்கேள்விகளில் எழுத்தரைக் குறை கூறும் நோக்கம் இல்லை. உள்ளபடி அவர்களுக்கே இதனால் பாதுகாப்பு. விடை தவறாக வந்தால் பழி அவர்கள் மேல் விழுவது வழக்கம்; நிபந்தனை சபையின் வாசகத்தோடு வரிக்கு வரி பொருந்தியிருந்தால், தாம் எழுதியது சபை சொன்னதையே என்று அவர்கள் காட்டலாம். ஒரு மாலைப் பொழுதில் நிர்வாகக் குழுவினர் இருவரும் எழுத்தரும் உட்கார்ந்து, சங்கத்தின் மிக நீண்ட நிபந்தனை ஒன்றை எடுத்து, மேலே சொன்னபடி கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பார்களாக. காப்பிப் பருவத்துக்கு முன்பும் தீபாவளிப் போனஸுக்கு முன்பும் அதனைச் செய்துவிட்டால், பட்டியல் ஒட்டும் நாளில் அறிவிப்புப் பலகையின் முன் நிற்கும் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பெயருக்கு எதிரில் உள்ள தொகையையும் அதற்கான காரணத்தையும் தாமே வாசித்துக்கொள்வர்.